முதலாளி கீழே, வீடு மேலே

போடிநாயக்கனூரின் பழைய லாட்ஜ்களில் ஒரு தடித்த பதிவேடு இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், என்ன காரியமாக வந்தார் என்று கட்டம் போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ‘ஏலக்காய்’ என்ற ஒரே சொல்தான். அதற்குக் கீழே வரிசையாக ‘மேற்படி’, ‘மேற்படி’. ‘சுற்றுலா’ என்று எழுத அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. மலைக்குப் போகிறவர் வேலைக்குப் போனார், இருட்டுவதற்குள் இறங்கிவிடப் பார்த்தார். அட்டைக்கடியும் விடாத மழையும் கூடிய ஏலக்காட்டில் இரவு தங்குவதற்குக் காசு கொடுக்க ஆள் வரும் என்று சொல்லியிருந்தால் போடிக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

எஸ்டேட்டில் பங்களா இல்லாமல் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, அதில் ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். அது முதலாளியின் அறை. அவர் குடும்பத்தோடு போடியில் இருப்பார், காய் எடுப்புச் சமயத்தில் மட்டும் மேலே வருவார். மற்ற நாளெல்லாம் கணக்கப்பிள்ளையும் கங்காணியும்தான் அங்கே அரசாங்கம். முதலாளிக்கு வேண்டியவர் யாராவது மலை பார்க்க ஆசைப்பட்டால் கணக்கப்பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீட்டு போகும், அறை திறக்கும், கோழி அடிக்கப்படும். வாடகை என்ற பேச்சே எழாது. உரிமம் என்ற பேச்சு எங்கிருந்து எழும்?

இந்த மலைக்கு வழி காட்டியது சரக்கு. மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பி வழியாகத் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போன காலம் உண்டு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு ஆண்டு கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அதுவும் சரக்கை நம்பித்தான். மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 ஜூன் 15இல் சென்னை ரயில் போடி வரை வந்தபோது பெட்டியிலிருந்து இறங்கியவர்களின் முதுகில் பயணப் பை இருந்தது. வாசலில் ஜீப்காரர்கள் கூவியது ‘மூணாறு, கொழுக்குமலை’ என்று.

இடையில் நடந்ததை விலையை வைத்துச் சொல்லலாம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு நிலம் வாங்காதவர், ஜீப் வாங்காதவர் போடியில் குறைவு. 2022இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. உரம், மருந்து, ஆள் கூலி எதுவும் கூடவே இறங்கவில்லை. பூட்டிக் கிடந்த பங்களா அறை அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது. வெள்ளையடித்து, வெந்நீர் ஹீட்டர் வைத்து, ஸ்டோரின் கூரையில் ஒரு பால்கனி இழுத்து, போனில் படம் ஏற்றினால் சனி ஞாயிறு நிறைந்தது. 2024 தொடக்கத்தில் போடிமெட்டு – மூணாறு சாலை அகலமாகித் திறந்த பிறகு சனி ஞாயிறோடு நிற்கவில்லை.

பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். போடிக்காரரின் எஸ்டேட் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்: பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல். ஆக, அறை வாடகைக்கு விட நினைக்கும் போடிக்காரர் படிக்க வேண்டியது கேரளச் சுற்றுலாத் துறையின் விதிகளை. அங்கே ஹோம்ஸ்டேவுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தர வகைகள் உண்டு. அறை ஆறுக்கு மேல் போகக் கூடாது. போலீஸ் சான்று வேண்டும். சமைத்துப் போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு வியாபாரிக்கு அது ஆண்டுக்கு நூறு ரூபாய்க் காரியம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, ஆப் வழியாக ஆள் வந்தால், அந்த வரியை ஆப்காரரே கட்டிவிடுவார்.

இந்தக் காகிதங்களைப் பற்றிப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அனுதாபம் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை போனிலேயே முடிகிற வேலை. பழைய லாட்ஜ் பதிவேடு கேட்டதைத்தான் வெளிநாட்டுக்காரருக்கான படிவமும் கேட்கிறது: நீ யார், எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய். இடிக்கிற இடம் மண்.

திருவிதாங்கூர் காலத்திலிருந்தே இந்த மலைக்கு ஒரு தனிக் கணக்கு. மரம் வனத்துறைக்கு, மண் வருவாய்த் துறைக்கு, மர நிழலில் விளைகிற ஏலம் மட்டும் விவசாயிக்கு. சி.எச்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் ஏலமலைக் காப்புப் பகுதி இதுதான். 1897இல் வந்த அறிவிக்கை எத்தனை ஏக்கரைக் காடாகச் சொன்னது என்பதே இன்றைக்கும் வழக்கு. 15,720 ஏக்கர் என்கிறது அரசு. 2,15,720 ஏக்கர் என்கிறது வழக்குப் போட்ட சுற்றுச்சூழல் அமைப்பு. முன்னால் ஒரு ‘2’ இருந்ததா, இல்லையா என்பதில் பல ஊர்கள் தொங்குகின்றன. சி.எச்.ஆர். பகுதியில் புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

பட்டா இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கிடைத்த பட்டா குடியிருக்கவும் விவசாயம் செய்யவும்தான். பல பத்தாண்டுகள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007 மே மாதம் அச்சுதானந்தன் அரசு மூணாறுக்கு மூன்று அதிகாரிகளை அனுப்பி, ஜே.சி.பி.யால் ரிசார்ட்டுகளை இடிக்கத் தொடங்கியதும் மலை முழுவதும் பட்டாவைத் தேடி எடுத்துப் படித்தது. அந்த வேகம் சில வாரத்தில் அடங்கியது. 2019 ஆகஸ்ட் 22இல் வந்த அரசாணை அடங்கவில்லை: எந்தத் தேவைக்காக நிலம் கொடுக்கப்பட்டதோ அதற்கான கட்டடத்துக்கே இடுக்கியில் அனுமதி. கடை கட்டியவர், லாட்ஜ் கட்டியவர், பங்களாவை நீட்டியவர் எல்லோரும் ஒரே நாளில் விதிமீறியவர்கள் ஆனார்கள். கடையடைப்பு, ஊர்வலம், நீதிமன்றம் என்று நான்கு ஆண்டு போன பிறகு, விதிமீறலை வரன்முறைப்படுத்த வழிவிடும் சட்டத் திருத்தத்தை 2023 செப்டம்பரில் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்து விழ அடுத்த ஏப்ரல் ஆயிற்று.

விருந்தாளிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஆப்பில் நட்சத்திரம் பார்க்கிறார், காலைப்பலகாரம் உண்டா என்று பார்க்கிறார். தான் படுத்திருக்கும் கட்டில் ஏலம் விளைய மட்டும் கொடுத்த நிலத்தின் மேல் நிற்கிறது என்று எந்த ஆப்பும் அவருக்குச் சொல்வதில்லை. சொல்ல வைக்க வேண்டும் என்பது என் கட்சி. உணவு உரிம எண்ணைச் சாப்பாட்டுக் கடை தன் சுவரில் ஒட்டுவது போல, சுற்றுலாத் துறை கொடுத்த எண் அறையின் படத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

மலையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டுச் சரிவில், மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு தீ. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத் தீயில் சிக்கின. இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் சென்னையிலும் கொங்குப் பக்கத்திலும் வேலை பார்த்த இளைஞர்கள். அதுவரை குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நடக்கத் தொடங்கலாம் என்றுதான் நடைமுறை இருந்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது தடங்களை அறிவித்து ஆன்லைன் முன்பதிவைத் திறந்தபோது குரங்கணி – சாம்பலாறு தடமும் அதில் இருந்தது. வழிகாட்டி இல்லாமல் இப்போது நடக்க முடியாது. தீ பிடிக்கும் வெயில் மாதங்களில் தடம் மூடியிருக்கும்.

நடப்பதற்கு விதி வந்துவிட்டது. தங்குவதற்கு வந்த விதியை எல்லைக்கோடு குழப்புகிறது. கொழுக்குமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில். விருந்தாளி ‘மூணாறு பக்கம்’ என்று நினைத்துக் கூடாரம் பதிவு செய்கிறார். காலையில் சூரியன் உதிக்கும்போது அவர் நிற்பது தமிழ்நாட்டு மண். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த மாநில ஆம்புலன்ஸ் வரும் என்று கேட்டுவிட்டுப் படுப்பவர் எத்தனை பேர்? வயநாட்டில் 2021 ஜனவரியில், மேப்பாடிப் பக்கத்து ரிசார்ட்டில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் பெண் ஒருவரை யானை கொன்றது. அதன் பிறகே அந்த மாவட்டத்தில் அனுமதியில்லாத கூடாரங்கள் கணக்கெடுக்கப்பட்டன. சின்னக்கானலில் யானை புதிய செய்தி அல்ல. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் அங்கிருந்துதான் பிடித்துப் போனார்கள், அது அடுத்த மாதமே கம்பம் தெருவில் ஓடியது. துணிக்கூடாரத்துக்கும் யானைக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று எழுதிவைக்க இன்னொரு சாவு தேவையில்லை.

ஹோம்ஸ்டே விதிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும், இந்த மலையில் மிக அதிகமாக மீறப்படுவதும் ஒன்றுதான்: உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் கெடுபிடி செய்யத் தொடங்கியதும் இதையேதான். விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரரும் உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் குறுகிய கால வாடகைக்கு விட முடியாது. அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் ஆப்பிலிருந்து மறைந்தன. கேரளம் அதை முன்பே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் போடிக்காரரின் வழக்கம் அதற்கு நேர் எதிர். அவருடைய தாத்தாவும் மேலே வசித்ததில்லை. வீடு மேலே, முதலாளி கீழே என்பதுதான் இந்த ஊரின் பரம்பரை ஏற்பாடு. கணக்கப்பிள்ளைக்குத் துண்டுச் சீட்டு போன இடத்தில் இன்று வாட்ஸ்அப் போகிறது: ‘நாலு பேர், ரெண்டு ரூம், ஆதார் வாங்கிரு.’

வாங்கி வைக்கிறவர் பக்கத்து லயத்தில் குடியிருக்கும் தொழிலாளி. காலையில் ஏலக்காட்டில் மருந்தடித்துவிட்டு மாலையில் போர்வை உதறுகிறார். அவர் மனைவி கோழிக்குழம்பு வைக்கிறார். ஆப்பில் விருந்தாளி ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்வது இந்த இருவரையும்தான், பணம் போவது போடிக்கு. ‘வீட்டிலேயே வசிப்பவர்’ என்ற நிபந்தனைக்குப் பொருந்துகிறவர் மேலே ஒருவர் உண்டென்றால் அவர்தான். ஆனால் கைவசச் சான்று கேட்டால் காட்ட அவர் பெயரில் ஒரு சென்ட் நிலமும் கிடையாது.

வீட்டில் வசிக்காத முதலாளிக்கும் கேரளம் ஒரு கதவு வைத்திருக்கிறது. ‘சர்வீஸ்டு வில்லா’ என்று தனி வகை, தனி விண்ணப்பம். போடிக்காரர்களுக்கு நான் சொல்வது அதில் போங்கள் என்பதுதான். அப்படி விண்ணப்பிக்கத் துணிகிறவர் முதலில் தன் பட்டாவை எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் ஹோம்ஸ்டே என்ற பலகை கழற்றப்படாமல் தொங்குகிறது.