மேடைக் கல் வெட்டும் தூசி

ஆற்று மணல், வயல்வெளியில் கிடக்கும் வெங்கச்சங்கல், சமையலறை கிரானைட், மோதிரத்தில் பதிக்கும் அகேட், ஜன்னல் கண்ணாடிக்கு உருக்கும் வெண்மணல் எல்லாவற்றிலும் இருப்பது குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். கல்லாகக் கிடக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. உங்கள் மேடையில் தாராளமாகச் சமைக்கலாம். தண்ணீர் விடாமல் அதை வெட்டுகிறவருக்குத்தான் ஆபத்து.

புது வீட்டில் சிங்க் பதிக்க மேடைக் கல்லில் ஓட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் கட்டிங் மெஷின், முகத்தில் ஒரு துண்டு. சிறிது நேரத்தில் வெட்டுகிறவரின் புருவம் வெளுத்துவிடும். அப்படிக் கண்ணில் படும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்தான் கொல்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது அது. துண்டைத் தாண்டி நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். அதை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் செரிக்க முடியாமல் மடிய, அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். நுரையீரல் புற்றுநோய்க்கும் இந்தத் தூசி காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது.

குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளை வீட்டிலேயே தீட்டினார்கள். தீட்டியவர்களோடு, அதே வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்கள் இளம் வயதிலேயே இறந்தார்கள். நாம் பள்ளியில் எழுதிப் பழகிய குச்சி அது.

இப்போது ‘குவார்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கும் செயற்கைப் பலகை இன்னும் மோசம். கிரானைட்டில் குவார்ட்ஸ் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கல்தூளைப் பிசினில் இறுக்கிய இந்தப் பலகைகள் பலவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல். இதை வெட்டியவர்களில் பலருக்குப் பத்தே ஆண்டுக்குள் நுரையீரல் கெட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. இங்கே ஷோரூமில் பளபளப்பைக் காட்டுகிறார்கள், வெட்டும் இடத்தைக் காட்டுவதில்லை.

வீடு கட்டுகிறவர் கையில் இருப்பது அதிகம். சிங்க், அடுப்பு அளவுகளை முன்கூட்டியே கொடுத்து, தண்ணீர் பாய வெட்டும் மெஷின் உள்ள பட்டறையிலேயே ஓட்டை போட்டு வாங்குங்கள். கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். சைட்டில் விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க் உதவும், ஆனால் தண்ணீருக்கு அது மாற்று இல்லை.

கல் வேலை செய்பவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் நீடித்தால், டாக்டரிடம் தொழிலை முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் காசநோய் போலவே தெரியக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். இரண்டுக்கும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.