முழங்கையில் ஷாக் அடிக்கும் நரம்பு

பட்டறையில் அரம் பிடிக்கும்போது முழங்கையை வைஸில் இடித்துக்கொள்ளாதவர் நம்மில் யாராவது உண்டா? சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குமே, அதற்குக் காரணம் அல்நார் நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலை ஒட்டியே அது ஓடுகிறது.

எங்கள் சுரக்குடியில் வயல்வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கி போல மடங்கியிருக்கும். "கிட்டப் போகாதே, விரல் அழுகிடும்" என்பார்கள். நானும் பயந்து ஒதுங்கியவன்தான். அது எவ்வளவு தவறு என்று பின்னால்தான் புரிந்தது.

தொழுநோய்க் கிருமி உடம்பில் சூடு குறைந்த இடத்தையே நாடும். தோலை ஒட்டி ஓடும் இந்த நரம்பில் அது தங்கினால் நரம்பு வீங்கிச் செயலிழக்கும். உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு உத்தரவு வராது, அவை வற்றிவிடும். முன்கையின் பெரிய தசைகள் மட்டும் இழுக்க, விரல் மடங்கிவிடும். நம்ம பாஷையில் சொன்னால், கோளாறு மோட்டாரில் இல்லை, வயரில்!

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இந்நோயாளிகளின் முன்கையில் பல தசைகள் நல்ல பலத்தோடு இருப்பதைக் கண்டார். பெருவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பிரித்து, வழிமாற்றி, முடங்கிய விரல்களில் இணைத்தார். ஓடுகிற மோட்டாரின் பெல்ட்டை நின்றுபோன சக்கரத்துக்கு மாற்றிப் போடுவது போலத்தான். பயிற்சிக்குப் பின் விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் தானாக அழுகுவதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உணர்ச்சி இல்லாத விரல் சூடான பாத்திரத்தில் பட்டாலும் வலிக்காது. கவனிக்காத புண் சீழ்பிடித்து எலும்பு வரை போவதால்தான் விரல் குறைகிறது.

அறுவை சிகிச்சை அசைவைத் தரும். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. ஆகவே முந்திக்கொள்வதே புத்திசாலித்தனம். தோலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளுத்த தேமலோ, சுண்டுவிரலில் மரத்துப்போதலோ இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம்; 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மையும் போய்விடும்.

அந்தப் பெரியவரிடமிருந்து நான் ஒதுங்கியிருக்கவே வேண்டியதில்லை, நண்பர்களே!