பெரிய திரை வாங்குமுன் செயலியைக் கவனியுங்கள்

மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் நம் வீடுகளில் முதல் பலி புத்தக அலமாரிதான். பாத்திர பண்டங்கள் லாரியில் ஏறும். அப்பா சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள் எடைக்குப் போகும். அந்த மாதிரிப் பழைய பதிப்புகள் ஏராளமாக இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டு, இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்க 'மின்-மை'ப் பலகை வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி, "எதில் செயலி வேகம்?"

மின்-மைத் திரை தானாக ஒளிர்வதில்லை. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான இந்த நுட்பத்துக்காக 1997-ல் தனி நிறுவனமே தொடங்கினார்கள். துகள் நகரச் சற்று நேரம் பிடிக்கும். எந்தச் செயலியாலும் அதை விரட்ட முடியாது. 'வேக முறை' என்று ஒன்று உண்டு. அதில் முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்கிவிடும்.

பிறகு செயலிக்கு என்ன வேலை? மதுரைத் திட்டத்தார் 1998 முதல் வெளியிட்டுவரும் தட்டச்சு நூல்கள் என்றால், அதிக வேலை இல்லை. படமெடுத்த நூல்தான் சோதனை. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்த ஏ5 அளவுப் பக்கத்தில் சுமார் 43 லட்சம் புள்ளிகள். அவற்றை விரித்து, 10.3 அங்குலத் திரையின் 26 லட்சம் புள்ளிகளுக்குச் சுருக்கி, 16 சாம்பல் நிறங்களுக்குள் அடக்க வேண்டும். ஆறு அங்குலத் திரையில் இதே பக்கத்தைப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளியே மறைந்துபோகும். 'க்' எது, 'க' எது என்று தாத்தாவும் தடுமாறுவார், தமிழ் கற்கும் பேரனும் தடுமாறுவான். பெரிய திரை ஆடம்பரம் அல்ல.

2020-ல் வந்த ரீமார்க்கபிள் 2-இல் 1.2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் செயலி. 2021-ன் கோபோ எலிப்சாவில் 1.8 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர். 2023-ல் வந்த அதன் அடுத்த பதிப்பான 2ஈ-யில் 2 கிகாஹெர்ட்ஸில் இரண்டே கோர். கோர் பாதியானதால் வேகமும் பாதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கத்தை விரிக்கும் வேலையைப் பெரும்பாலும் ஒரே கோர் செய்வதால், எண்ணிக்கையைவிட ஒவ்வொன்றின் திறமைதான் முக்கியம். ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் நோட் ஏர் 3-இல் எட்டு கோர், 4 ஜிபி நினைவகம். கனமான கோப்புகளுக்கு அது தோதானது. ஆனால் மின்கலத்தை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

விளம்பர எண்களை விட்டுவிட்டு, நீங்கள் படிக்கப்போகும் நூலையே ஏற்றிப் பாருங்கள். வரிசையாகப் புரட்டினால் குறை தெரியாது, அடுத்த பக்கத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். பத்தாம் பக்கத்திலிருந்து முந்நூறாம் பக்கத்துக்குத் தாவுங்கள். ஒரு வரியைப் பெரிதாக்குங்கள். அங்கே இரண்டு மூன்று விநாடி விழித்துக்கொண்டு நின்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.