தீராத மூட்டுவலியும் நாம் குடிக்கும் தண்ணீரும்

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் தாய்மார்களில் பலர் இடுப்பைப் பிடித்தபடியேதான் படியேறுகிறார்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைதான், அஞ்சாறு வருஷமாக" என்கிறார்கள். "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். காரணங்கள் பல. கம்பெனியில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்வது, பாரம் தூக்குவது, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயால் நரம்பு பாதிப்பது, வெயில் படாததால் வைட்டமின் டி குறைவது என்று நீளும். சில நேரம் காயம் ஆறிய பிறகும் நரம்புகள் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கும். இவற்றோடு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கென்றே இன்னொரு காரணம் உண்டு. அது போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு.

இங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. பல ஆண்டுகள் இதற்கு மேல் உடலில் சேர்ந்தால் எலும்பில் படிந்து, மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் இறுகிவிடும். இதுவே ஃபுளோரோசிஸ். இந்தியாவில் இந்நோய் 1937-லேயே, அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் பதிவாகியிருக்கிறது.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா? முகவாயை நெஞ்சில் வைக்க முடிகிறதா? கைகளை மடக்கிப் பிடரியில் வைக்க முடிகிறதா? ருகூவிலும் சஜ்தாவிலும் நாளுக்கு நாள் சிரமம் கூடினால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். பல்லில் காவிக் கறை இல்லையே என்றும் இருக்க வேண்டாம். சிறு வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் பல்லில் கறை வரும். வெளியூரிலிருந்து மணமாகி வந்த மருமகளுக்குப் பல் வெள்ளையாகவே இருந்தாலும் எலும்பு பாதிக்கப்படலாம்.

வலி மாத்திரையில் உள்ள ஆபத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உடலில் சேரும் ஃபுளோரைடைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் அந்தச் சிறுநீரகமே கெடும். கெட்டால் ஃபுளோரைடு இன்னும் அதிகமாகத் தங்கும், வலியும் கூடும்.

இறுகிப்போன எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே தண்ணீரை மாற்றினால் வலி குறைய வாய்ப்புண்டு. காவிரி நீரை நம் இரு மாவட்டங்களுக்கும் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரோசிஸைக் குறைப்பதற்கென்றே ஜப்பான் நிதியுதவியுடன் உருவாகி, 2013-ல் தொடங்கியது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். தெருக் குழாயில் வருவது போர் தண்ணீர் கலந்ததா என்று விசாரியுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியும் உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

உணவில் கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொள்ளுங்கள். சுலைமானி போன்ற கடுந்தேநீரிலும் கருப்பு உப்பிலும் ஃபுளோரைடு இருப்பதால் அவற்றைக் குறையுங்கள்.

எல்லா வலியும் ஃபுளோரோசிஸ் அல்ல. அரசு மருத்துவமனையில் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே மூலம் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தக் காரணமானாலும் படுத்தே கிடப்பதைவிட, இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியும் நடையும் நல்லது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்கிறது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மாத்திரை, எந்தத் தண்ணீர்? இன்னும் இறுகாத மூட்டுகளையாவது இன்ஷா அல்லாஹ் காப்பாற்றிவிடலாம்.