மோட்டார்ஹோமுக்கு எத்தனை வாட் இன்வெர்ட்டர்?

சிகரெட் லைட்டர் துளையில் 300 வாட் இன்வெர்ட்டரைச் செருகி முழுச் சுமை கொடுத்தால் ஃபியூஸ் போய்விடும். ஏன்? 230 வோல்ட்டில் 300 வாட்டுக்கு 1.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட் பேட்டரியிலோ 25 ஆம்பியர் வேண்டும். வெப்பமாகும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 28. அந்தத் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான். ஆகவே 150 வாட்டைத் தாண்டினால் பேட்டரியிலிருந்தே தடித்த, குட்டையான கம்பி இழுத்து, பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடுங்கள்.

லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் படிக்கட்டு போன்ற அலை தரும் மலிவான 'மாடிஃபைடு சைன்' இன்வெர்ட்டரிலேயே ஓடும். சார்ஜர் எப்படியும் ஏசியை டிசியாக்கிக்கொள்கிறது. மின்விசிறி, மிக்சி என்றால் 'ப்யூர் சைன்' வாங்குங்கள். அந்தப் படிக்கட்டு அலையில் மோட்டார் உறுமும், சூடாகும். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் இன்வெர்ட்டரின் 'சர்ஜ்' அளவையும் பார்க்க வேண்டும். மின்கெட்டிலா? காஸ் அடுப்பு இருக்கிறதே!