சிங்க இறாலின் கண்ணும் வானியற் கருவியும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர். ஆயினும், எல்லா உயிர்களின் கண்களும் ஒரே விதிப்படி அமைந்தவையல்ல. மனிதனின் கண்ணும் மீனின் கண்ணும் வில்லையினால் ஒளியைக் குவிப்பன. சிங்க இறாலும் அதன் இனத்தனவும் வேறொரு முறையைக் கைக்கொண்டுள்ளன. அம்முறையே இன்று வானத்தை ஆராயும் கருவியொன்றுக்கு முன்மாதிரியாயிற்று.

சிங்க இறாலின் கண்ணை உருப்பெருக்கியினூடாக நோக்கின், அதன் மேற்பரப்புக் கட்டம் வரைந்த தாள்போலத் தோன்றும். தேனீயின் கண்முகங்கள் அறுகோணமானவை; இதன் கண்முகங்களோ சதுரமானவை. இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1975 இல் ஜேர்மானியரான கிளவுஸ் வோக்ட் இவ்வினத்து நன்னீர் உயிரொன்றிலும், 1976 இல் ஆங்கிலேயரான மைக்கேல் லாண்ட் இறாலிலும் ஆராய்ந்து உண்மையைக் கண்டனர். அக்கண்களில் ஒளி குவிவது முறிவினாலன்று, தெறிப்பினாலாகும். ஒவ்வொரு சதுரத்தின் கீழும் உள்ள அறையின் சுவர்கள் ஆடிகளாகத் தொழிற்படுகின்றன. அறைகள் யாவும் ஒரு கோளத்தின் மையத்தை நோக்கி நிற்கின்றன. ஆதலால், ஒரு திசையிலிருந்து வரும் கதிர்கள் பல அறைகளிற் புகுந்து, செங்கோணத்திற் சந்திக்கும் சுவர்களிற் தெறித்து, விழித்திரையில் ஓரிடத்திற் சேர்கின்றன. மங்கிய ஒளியிலும் பார்வை கிட்டுவது இதனாலேயே. மேலும், கோளத்துக்குத் தனியொரு முன்பக்கம் இல்லையாதலால், பரந்த வெளி முழுவதையும் அக்கண் ஒருங்கே காணவல்லது.

இனி, வானியலாரின் இடர்ப்பாட்டை நோக்குவோம். விண்மீன் வெடிப்பு, கருந்துளை விண்மீனொன்றைச் சிதைத்தல் முதலிய நிகழ்ச்சிகளில் எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. இக்கதிர்கள் வில்லையில் வளைவது மிக அரிது. ஆடியில் நேரே விழுந்தால் தெறிக்காது உட்புகுந்துவிடும். குளத்து நீரிற் சாய்வாக வீசிய ஓட்டுத்துண்டு தத்திச் செல்வதுபோல, ஆடியை உரசிச் செல்லும் கதிரே தெறிக்கும். இவ்வுண்மைகொண்டு அமைந்த வழக்கமான எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிகள் நுண்ணிய படங்களைத் தருவனவாயினும், ஒரு வேளையில் வானத்தின் மிகச் சிறு பகுதியையே காண்பன. சில நிமிடங்களில் தோன்றி மறையும் நிகழ்ச்சி வேறு திசையில் நிகழுமாயின், அது காணப்படாமலே ஒழிந்துபோம். ஒருமுறை தவறியது மீள வாராது.

1979 இல் அரிசோனாப் பல்கலைக்கழக வானியலாளர் ரொஜர் ஏஞ்சல், இவ்விடர்ப்பாட்டுக்குச் சிங்க இறாலின் கண்ணே தீர்வு என எடுத்துக் காட்டினார். ஆயின், கருத்து எளிது, ஆக்கம் அரிது. தலைமயிரினும் குறுகிய சதுரத் துளைகள் இலட்சக்கணக்கில், வழுவழுப்பான சுவர்களுடன், கண்ணாடித் தகட்டில் அமைதல் வேண்டும். சதுரக் கண்ணாடி இழைகளை அடுக்கி இணைத்து, அவற்றின் உட்பகுதியை அமிலத்தாற் கரைத்து, தகட்டைக் கோளவடிவாக வளைக்கும் நுட்பம் கைகூடப் பல ஆண்டுகள் சென்றன.

2024 சனவரி 9 ஆந் திகதி சீனா ஏவிய ‘ஐன்ஸ்டைன் புறோப்’ என்னும் செய்மதியில் இத்தகைய 12 தொலைகாட்டிகள் உள்ளன. துளையொன்றின் அகலம் 0.04 மில்லிமீற்றர்; சுவர்களில் இரிடியம் பூசப்பட்டுள்ளது. வானம் முழுவதும் ஏறக்குறைய 41,250 சதுரப்பாகை. அதில் 3,600 சதுரப்பாகையை இக்கருவி ஒரே வேளையிற் காண்கிறது. அவ்வாண்டு மார்ச் 15 ஆந் திகதி அது கண்ட வெடிப்பின் ஒளி, ஏறக்குறைய 1,250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புறப்பட்டதாகும்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. ஒரு சுவரில் மாத்திரம் தெறித்த கதிர்கள் குவியத்தைச் சேராது சிலுவை வடிவிற் பரவுதலால், படம் கூர்மை குன்றியது. ஆகவே, அச்செய்மதியிலேயே வழக்கமான வகைத் தொலைகாட்டியும் பொருத்தப்பட்டுள்ளது. பரந்த கண் நிகழ்ச்சியைக் கண்டறிய, கூரிய கண் அதனை நுணுகி ஆராய்கிறது.

இறாலின் கண்முகம் ஏன் சதுரமாயிற்று என்று வினவியோர் விண்மீன்களை எண்ணியவரல்லர். பயன் யாதென முதலிற் கேட்டு அவ்வினாவை ஒதுக்கியிருப்பின், வானியலார் இக்கண்ணைப் பெற்றிரார். ஆய்வுகூடத்தில் உருப்பெருக்கியின் முன் அமரும் மாணவன் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.