ஒரு நூல், பல முகவரி: தேடுபொறி எதனை முன்னிறுத்தும்?

முச்சங்கம் வளர்த்த மாநகர் எனப் புலவர் பெருமக்கள் போற்றும் மதுரையின் பெயரைத் தாங்கிய நூலகம் ஒன்று உண்டு. வைகைக் கரையில் அதற்குக் கட்டடம் இல்லை. மாசி வீதிகளில் பெயர்ப்பலகையும் இல்லை. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், உலகெங்கும் பரவியுள்ள தமிழன்பர்களின் ஊதியமில்லா உழைப்பைக் கொண்டு தொடங்கப்பெற்ற 'மதுரைத் திட்டமே' அந்நூலகம். சங்க நூல்கள் முதல் உமறுப்புலவரின் சீறாப்புராணம் வரை பல நூறு தமிழ் நூல்கள் அதன்வழி இணையத்தில் ஏறியுள்ளன.

இந்நூல்களை எவரும் தடையின்றிப் பரப்பலாம். ஆயின் முகப்புக் குறிப்பை நீக்காது வைத்தல் வேண்டும் என்பதே அத்திட்டத்தார் விதித்த நிபந்தனை. அக்குறிப்பில் மின்பதிப்பை உருவாக்கியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் இடம்பெறும். பெருந்தன்மையான இவ்விசைவின் பயனாக, ஒரே நூல் இன்று பல தளங்களில் காணக் கிடைக்கின்றது. சிலர் குறிப்பைப் போற்றி வைத்தனர்; சிலர் வெட்டியெறிந்தனர். இந்நிலையில் ஒரு மாணவர் சீறாப்புராணப் பாடலொன்றின் முதலடியைத் தேடுபொறியில் இட்டால், அப்பொறி எத்தளத்தை முதலில் காட்டும்? மூலத்தையா, படியையா? மூலத்தைத்தான் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

காரணத்தை அறியத் தேடுபொறியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998இல் வெளியிட்ட கூகுள் முறையின் அடிப்படை எளியது. ஒரு பக்கத்தைச் சுட்டிப் பிற பக்கங்கள் தரும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவரின் மதிப்பு உயர்ந்தால் பரிந்துரையின் எடையும் உயரும். அவையில் சான்றோர் ஒருவர் கூறும் சொல்லுக்கும், வழிப்போக்கர் கூறும் சொல்லுக்கும் வேறுபாடு இல்லையா? அதுபோன்றதே இதுவும். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. எனினும் இவ்வடிப்படை முற்றும் மறையவில்லை.

இங்கேதான் சிலருக்கு ஒரு சூழ்ச்சி தோன்றிற்று. பிறர் பரிந்துரைக்கும் வரை காத்திருப்பானேன்? நாமே பத்துத் தளங்களைத் தொடங்கி, ஒன்றையொன்று சுட்டச் செய்தால் என்ன? மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் வணிகர் ஒருவர், மேலூருக்கு ஒன்று, திருமங்கலத்துக்கு ஒன்று, உசிலம்பட்டிக்கு ஒன்று எனத் தளங்கள் அமைத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே செய்தியை எழுதிவைக்கிறார் எனக் கொள்வோம். கடைமுகப்பு நான்கு, சரக்கறை ஒன்றே. இத்தகைய 'வாயிற் பக்கங்களை' ஏமாற்று என்றே கூகுள் தன் விதிகளில் வகுத்துள்ளது. தமக்குத் தாமே இணைப்பளித்துக்கொள்ளும் தளக் கூட்டங்களின் மீது 2012ஆம் ஆண்டு 'பெங்குவின்' என்னும் மாற்றம் பாய்ந்தது. 2016 முதல் அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் எடையின்றித் தள்ளிவிடுகின்றனர்.

ஒருவர் பல தளங்களை வைத்திருப்பது குற்றமன்று என்பதையும் கூறவேண்டும். பொருள் வேறு, மொழி வேறு, நோக்கம் வேறு எனில் தளங்களும் வேறாக இருப்பது முறையே. ஒரே பொருளைப் பல இடங்களில் பரப்பும்போதுதான் இழப்பு நேர்கிறது. தேடுபொறி அவற்றுள் ஒன்றையே தேர்ந்து காட்டி, ஏனையவற்றை மறைத்துவிடும். ஒரு தளத்துக்குச் சேரவேண்டிய இருபது பரிந்துரைகள் நான்காகப் பிரிந்து ஐந்தைந்தாய் மெலியவும் கூடும்.

மதுரைத் திட்டத்தின் வரலாற்றிலும் இதன் சாயலைக் காணலாம். 1999 முதல் திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டிலும், பின்னர் ஒருங்குறியிலும் நூல்கள் வெளியாயின. எனவே ஒரே நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் அமைந்தன. தொலைபேசி வழியே இணையம் ஊர்ந்து வந்த அக்காலத்தில் படிகளைப் பெருக்கியதே நூல்களைக் காத்தது என்பது என் கருத்து. அதனைக் குறைகூறல் ஆகாது. ஆனால் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய படிகளில் ஒரு பிழை ஒட்டிக்கொண்டது. 'ஔ' என்னும் ஓரெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாக எழுதிவிட்டனர். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கணிப்பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஔவையாரைத் தேடுபவருக்கு அவர் அகப்படாமலே போகலாம்! மூலத்தில் இத்தகைய பிழையைத் திருத்தினாலும், பிறர் எடுத்தாண்ட படிகளில் திருத்தம் தானே சென்று சேராது. அப்படியொன்றைத் தேடுபொறி முன்னிறுத்திவிட்டால், பிழையே பாடமாகிவிடும்.

தீர்வும் உண்டு. 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒரு குறியை ஏற்றுக்கொண்டன. 'இப்பக்கத்தின் மூலம் இன்ன முகவரியில் உள்ளது' என்பதைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே தேடுபொறிக்கு அறிவிக்கும் குறி அது. தேடுபொறி இதனைக் கட்டளையாக அன்றிக் குறிப்பாகவே கொள்ளும். பழைய தளத்தைக் கைவிடுவோர், அங்கு வருவோரைப் புதிய முகவரிக்கு நிலையாகத் திருப்பிவிடவும் வழியுண்டு.

கல்லூரிக்கு ஒரு தளம், நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, முன்னாள் மாணவர்க்கு ஒன்று என விழைவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. துறையின் ஏட்டுப் படிகளையும் மலர்களையும் கல்லூரித் தளத்தின் ஒரு பகுதியாகவே வைத்தால், பெறும் பரிந்துரைகள் ஓரிடத்தில் குவியும். தனித்தளம் கண்டு, மூன்றாண்டு கழித்து முகவரிக் கட்டணம் செலுத்த ஆளின்றி அது மறைந்துபோவதையும் தவிர்க்கலாம்.

ஆய்வேட்டுக்காக இணையத்திலிருந்து பாடல் எடுக்கும் மாணவர், பக்கத்தின் உச்சியில் மின்பதிப்பைத் தந்தோரின் பெயர்கள் உள்ளனவா எனப் பார்க்கவும். இல்லையெனில் மூலத் தளத்துக்குச் சென்று அதே பாடலை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளவும். ஐந்து நிமிடங்கூட ஆகாது.